காலணிக் கடையிலிருந்து செனட் சபைக்கு: மைக் என்சி என்னும் கணக்காளர்

பேரேட்டுக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

அமெரிக்க நாடாளுமன்றத்தில் வழக்கறிஞர்களுக்கு எந்தக் காலத்திலும் பஞ்சம் இருந்ததில்லை. கணக்காளர்களோ விரல் விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்திருக்கிறார்கள். அவர்களில் நெடுங்காலம் செனட் சபையில் அமர்ந்தவரும், தணிக்கைத் தொழிலையே மாற்றிய சட்டத்தில் கைவைத்தவருமான மைக் என்சியைப் பற்றித் தமிழில் விரிவாக எதுவும் என் கண்ணில் படவில்லை என்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

1944 பிப்ரவரி 1 அன்று வாஷிங்டன் மாநிலத்தின் பிரெமர்ட்டனில் பிறந்தவர் அவர். குடும்பம் விரைவிலேயே வயோமிங் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தது. ஷெரிடன் நகரில் பள்ளிப் படிப்பை முடித்தார். தலைநகரில் உள்ள ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1966-இல் கணக்கியல் பட்டமும், டென்வர் பல்கலைக்கழகத்தில் 1968-இல் சில்லறை வணிகத்தை முதன்மையாகக் கொண்ட மேலாண்மைப் பட்டமும் பெற்றார். 1969-இல் டயானாவை மணந்துகொண்டு ஜிலெட் என்ற சிற்றூருக்கு வந்து, தந்தை நடத்திவந்த காலணி வணிகத்தின் கிளையைத் திறந்தார். ஆக, பெரிய தணிக்கை நிறுவனத்தின் பங்குதாரராக இருந்து அரசியலுக்கு இறங்கியவர் அல்லர் அவர். வாடிக்கையாளரின் காலை அளந்து, சரக்கிருப்பை எண்ணி, மாலையில் கல்லாவைச் சரிபார்த்துப் பழகியவர்.

அரசியலுக்கு வந்த கதை சுவையானது. நம் ஊர்களிலும் கிளைகள் உள்ள ஜேசிஸ் என்ற இளைஞர் அமைப்பின் வயோமிங் மாநிலத் தலைவராக இருந்தபோது, தலைமைப் பண்பு குறித்து ஒரு கூட்டத்தில் பேசினார். பேச்சைக் கேட்ட ஆலன் சிம்ப்சன் (பின்னாளில் செனட்டராகப் புகழ்பெற்றவர்) அவரைத் தனியே அழைத்து, இவ்வளவு பேசுகிற நீங்கள் உங்கள் ஊரின் மேயர் பதவிக்கு நிற்க வேண்டியதுதானே என்று கேட்டுவிட்டார். நின்றார், வென்றார், 1975 முதல் 1982 வரை ஜிலெட் நகர மேயராக இருந்தார். அதன்பின் 1985 முதல் 1997 வரை, எண்ணெய்க் கிணறுகளைப் பராமரிக்கும் டன்பார் என்ற உள்ளூர் நிறுவனத்தில் கணக்காளராக வேலை பார்த்தபடியே, 1987-இல் மாநிலச் சட்டமன்றத்தின் கீழவைக்கும் 1991-இல் மேலவைக்கும் சென்றார். வயோமிங் சட்டமன்றம் ஒரு ஆண்டில் சுமார் 40 நாட்கள், அடுத்த ஆண்டில் சுமார் 20 நாட்கள் மட்டுமே கூடும் என்பதால், சட்டமன்ற உறுப்பினருக்கு வேறு தொழில் இருப்பது அங்கே இயல்பு, இல்லாவிட்டால்தான் வியப்பு.

1996-இல் சிம்ப்சன் ஓய்வு பெற்றபோது, குடியரசுக் கட்சிக்குள் ஒன்பது பேர் மோதிய முதல்நிலைத் தேர்தலில், கேஸ்பர் நகர எலும்பு அறுவை மருத்துவர் ஜான் பராசோவைச் சொற்ப வாக்குகளில் முந்தி, பொதுத்தேர்தலிலும் வென்று 1997 ஜனவரியில் செனட்டர் ஆனார். நான்கு முறை தொடர்ந்து வென்று 24 ஆண்டுகள் அங்கே இருந்தார். இதே பராசோ, 2007-இல் மற்றொரு செனட்டரான கிரெய்க் தாமஸ் காலமானபின் அந்த இடத்துக்கு நியமிக்கப்பட்டு, தம்மைத் தோற்கடித்தவருடன் 13 ஆண்டுகளுக்கு மேல் ஒரே மாநிலத்தின் சார்பில் பணியாற்றினார்.

தணிக்கைச் சட்டம், சுரங்கப் பாதுகாப்பு, அரசின் கடன் ஆகிய மூன்றிலும் அவருடைய பங்கு பேசத்தக்கது. நண்பர்கள் தொடரலாம்.

---

வைகைக்கரையான்

நல்ல தொடக்கம், ஐயா. அவருடைய கடையின் பெயர் பற்றி ஒரு சிறு குறிப்பு. கடையின் பெயர்ப்பலகையில் என், இசட் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள்தாம் இருந்தன. நாம் படித்தால் 'என்இசட்' என்று போய்விடும். அமெரிக்கர்கள் அந்தக் கடைசி எழுத்தை 'ஸீ' என்று உச்சரிப்பதால் குடும்பப் பெயரே கடைப்பெயராக ஒலித்தது.

எனக்கு ஓர் ஐயம். காலணிக் கடைக்காரர் ஒருவர் முப்பது வயதில் மேயராவது சிற்றூரில் நடக்கக்கூடியதுதான். அந்தச் சிற்றூர் மேயர் பதவியை அவருடைய வாழ்க்கையின் முக்கியப் படியாக எல்லோரும் சொல்வது ஏன்?

---

நிலக்கரிச் சேகரன்

அந்த ஊரைப் பார்த்தவன் என்ற முறையில் இதற்கு நான் பதில் சொல்கிறேன். நிலவியல் பணி நிமித்தமாகச் சில ஆண்டுகளுக்கு முன் அப்பகுதியில் ஆறு வாரங்கள் தங்கியிருந்தேன். ஜிலெட்டுக்குத் தெற்கே நெடுஞ்சாலையில் வண்டியை நிறுத்தி, நிலக்கரி ஏற்றிய சரக்கு வண்டி ஒன்று கடந்து போவதற்காகக் காத்திருந்தபோது பெட்டிகளை எண்ணத் தொடங்கினேன். நூறைத் தாண்டியபின் எண்ணிக்கை தவறிவிட்டது. அமெரிக்காவில் வெட்டப்படும் நிலக்கரியில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு பவுடர் ஆற்றுப் படுகை என்னும் அந்த ஒரே பகுதியிலிருந்து வருகிறது. கந்தகம் குறைவு, படுகையின் கனமோ மிக அதிகம். மேல்மண்ணை அகற்றினால் போதும், நிலத்தடிச் சுரங்கம் தேவையில்லை.

1970-இல் காற்று மாசுச் சட்டம் கடுமையானபின், கந்தகம் குறைந்த இந்தக் கரிக்குத் திடீரென்று கிராக்கி ஏற்பட்டது. 1973-இன் எண்ணெய் நெருக்கடி அதற்கு மேலும் எண்ணெய் ஊற்றியது. ஜிலெட்டின் மக்கள்தொகை 1970-இல் சுமார் 7,000. பத்தே ஆண்டுகளில் 12,000-ஐத் தாண்டிவிட்டது. வேலை தேடி வந்தவர்கள் நடமாடும் வீடுகளில் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். குடிநீர், சாக்கடை, பள்ளிக்கூடம், காவல் எதுவுமே அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. குடிப்பழக்கம், மனச்சோர்வு, மணமுறிவு, இளையோர் குற்றம் ஆகியவை ஒருசேரப் பெருகும் நிலைக்கு 'ஜிலெட் நோய்க்குறி' என்று 1974-இல் உளவியலாளர் எல்டீன் கோர்ஸ் பெயரே சூட்டிவிட்டார். பின்வந்த சமூகவியலாளர்கள் சிலர் அதை மிகைப்படுத்தல் என்று மறுத்தார்கள். எனினும் ஊரின் பெயர் கெட்டது கெட்டதுதான்.

என்சி மேயரானது இந்த நேரத்தில்தான். சுரங்கங்களிலிருந்து வரி வரத் தொடங்குவதற்கு ஆண்டுகள் பிடிக்கும்; ஆனால் மக்கள் வந்திறங்குவது இன்று. வருமானம் பின்னால், செலவு முன்னால் என்ற இந்த இடைவெளியைக் கடனாலும் மானியத்தாலும் நிரப்பி, வெகு தொலைவிலிருந்து குழாய் வழியே தண்ணீர் கொண்டுவர வேண்டியிருந்தது. கணக்குப் படித்தவருக்கு இதைவிடக் கடுமையான பயிற்சிக்களம் கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

---

தணிக்கையாளர் மாலதி

நான் முதலில் பேச விரும்புவது, தணிக்கைத் தொழிலை மாற்றியதாக இழையின் தொடக்கத்தில் சொல்லப்பட்ட சட்டம், அதாவது 2002-ஆம் ஆண்டின் சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம். சென்னையில் அமெரிக்க நிறுவனங்களுக்காக வேலை பார்க்கும் கணக்காளர்களில் பலருக்கு அதன் சுருக்கப் பெயரான 'சாக்ஸ்' என்ற சொல்தான் சோறு போடுகிறது என்பதால், இதில் எனக்குத் தனிப்பட்ட அக்கறையும் உண்டு.

2001 டிசம்பர் 2-ஆம் நாள், கணக்கு மோசடி அம்பலமான என்ரான் என்ற எரிசக்தி நிறுவனம் திவால் மனுக் கொடுத்தது. அதன் தணிக்கையாளரான ஆர்தர் ஆண்டர்சன், ஆவணங்களை அழித்ததற்காக 2002 ஜூன் 15 அன்று குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டது. (அத்தீர்ப்பை 2005-இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது, அதற்குள் நிறுவனம் சிதறிவிட்டது.) செனட்டின் வங்கித் துறைக் குழுவுக்கு ஜனநாயகக் கட்சியின் பால் சார்பேன்ஸ் தலைவர், எதிர்த்தரப்பான குடியரசுக் கட்சியில் மூத்தவரான பில் கிராம், சார்பேன்ஸின் மசோதாவை விரும்பவில்லை. கணக்கியல் தெரிந்த உறுப்பினர் என்று அவையில் அறியப்பட்டிருந்த என்சி, கட்சிக்கோட்டைத் தாண்டிச் சார்பேன்ஸுடன் உட்கார்ந்து வரிவரியாகப் பேசினார். ஜூன் 18 அன்று குழுவில் 17-க்கு 4 என்ற கணக்கில் மசோதா தேறியது.

ஒரே வாரத்தில், ஜூன் 25 அன்று, வேர்ல்டுகாம் என்ற தொலைபேசி நிறுவனத்தின் கணக்கு மோசடி வெடித்தது. அந்த மோசடி எவ்வளவு எளியது என்பதைச் சொல்லியாக வேண்டும். மற்ற தொலைபேசி நிறுவனங்களின் கம்பித்தடத்தைப் பயன்படுத்துவதற்கு வேர்ல்டுகாம் மாதாமாதம் கட்டணம் செலுத்திவந்தது. அது அந்தந்தக் காலாண்டின் செலவாக எழுதப்பட வேண்டிய தொகை. அவர்களோ அதைச் சொத்து வாங்கியதாக எழுதினார்கள். கடை வாடகையைக் கட்டிவிட்டு, கட்டடமே வாங்கிவிட்டதாகப் பேரேட்டில் பதிவது போன்றது இது. செலவு மறைந்தது, லாபம் முளைத்தது. முதலில் தெரியவந்த தொகை 380 கோடி டாலர். பிறகு அது சுமார் 1,100 கோடி வரை போயிற்று. கண்டுபிடித்தவர்கள் வெளித் தணிக்கையாளர்கள் அல்லர். சிந்தியா கூப்பர் தலைமையில் நிறுவனத்துக்குள்ளேயே இருந்த உள்தணிக்கைக் குழுவினர்.

அதற்குப்பின் எதிர்ப்புக்கு இடமேது? ஜூலை 15 அன்று செனட்டில் 97-க்கு 0. இறுதி வடிவம் கீழவையில் 423-க்கு 3, செனட்டில் 99-க்கு 0. ஜூலை 30 அன்று குடியரசுத் தலைவர் புஷ் கையொப்பமிட்டார். தணிக்கையாளர்களைக் கண்காணிக்க ஐவர் கொண்ட வாரியம் அமைந்தது; அதில் சான்றுபெற்ற கணக்காளர்கள் இருவர், கூடவும் கூடாது குறையவும் கூடாது என்று சட்டமே வரையறுத்தது. தணிக்கைக்குத் தலைமையேற்கும் பங்குதாரர் ஐந்தாண்டுகளுக்கு மேல் ஒரே நிறுவனத்தில் நீடிக்க முடியாது. தலைமை நிர்வாகியும் நிதி அதிகாரியும் கணக்குக்குத் தாமே உறுதிமொழி தர வேண்டும்.

என்சியின் முத்திரை எங்கே என்று கேட்டால், நான் 209-ஆம் பிரிவைக் காட்டுவேன். பெரிய பங்குச்சந்தை நிறுவனங்களுக்கான கட்டுப்பாடுகளை, சிற்றூர்களில் தொழில் நடத்தும் சிறு தணிக்கை நிறுவனங்களுக்கும் அப்படியே பொருந்தும் என்று மாநில அதிகாரிகள் கருதிவிடக் கூடாது என்கிறது அது. மேலிருந்து கீழே அருவிபோல் விதிகள் கொட்டிவிடும் என்ற அச்சத்தை விவாதங்களில் அவர் மீண்டும் மீண்டும் எழுப்பினார். சிறு வணிகத்தில் இருந்தவருக்கே தோன்றக்கூடிய அச்சம் அது.

---

சட்டமும் சாட்சியும்

மாலதி அம்மையாரின் பதிவு நன்று. ஆனால் படத்தின் மறுபாதி விடுபட்டுள்ளது. தணிக்கைச் சீர்திருத்தத்தின் நாயகனாக என்சியைக் காட்டுவதற்கு முன், அடுத்த ஆண்டே அவர் செய்ததையும் பார்க்க வேண்டும்.

நிறுவனங்கள் தம் அதிகாரிகளுக்கு ஊதியத்தின் பகுதியாகப் பங்கு வாங்கும் உரிமையை வழங்குவதுண்டு. அது செலவு, ஆகவே லாபத்திலிருந்து கழிக்கப்பட வேண்டும் என்று கணக்கியல் தரங்களை வகுக்கும் வாரியம் முடிவெடுக்க முனைந்தபோது, தொழில்நுட்ப நிறுவனங்கள் கொதித்தெழுந்தன. 2003 நவம்பரில் அதைத் தடுக்கும் மசோதாவைச் செனட்டில் கொண்டுவந்தவர் யார்? இதே என்சிதான். மிகுந்த ஊதியம் பெறும் முதல் ஐந்து அதிகாரிகளுக்கு வழங்கிய உரிமையை மட்டும் செலவாகக் காட்டினால் போதும் என்றது அம்மசோதா. அதையொத்த மசோதா 2004-இல் கீழவையில் 312-க்கு 111 என்று நிறைவேறியது, செனட்டில் தேறவில்லை. அந்த டிசம்பரில் வாரியம் தன் விதியை வெளியிட்டேவிட்டது.

கணக்கு விதிகளை அரசியல்வாதிகள் எழுதக் கூடாது. தனித்தியங்கும் வாரியமே எழுத வேண்டும் என்பது அத்தொழிலின் அடிப்படை நெறி. அந்த நெறியை அவையில் எல்லோரையும்விட நன்கு அறிந்திருக்க வேண்டியவர், அதை மீறும் மசோதாவுக்கு முதல் கையெழுத்துப் போட்டார். கணக்கறிவு ஒருவரை நேர்மையாளர் ஆக்கிவிடும் என்ற நம்பிக்கையோடு இந்த இழை நகர்வதால் இதைச் சொல்ல நேர்ந்தது.

---

தணிக்கையாளர் மாலதி

மறுக்கவில்லை, ஐயா. பங்குரிமையைச் செலவாகக் காட்டுவதே சரி என்பது என் கருத்தும். ஆனால் அவர் தரப்பில் சொல்வதற்கு ஒன்று உண்டு. பங்குச் சந்தைக்கு வராத, வந்தாலும் மிகச் சிறிய நிறுவனங்களில் அந்த உரிமையின் மதிப்பை எப்படிக் கணிப்பது என்பது அன்று உண்மையிலேயே தீராத சிக்கல்; அவருடைய வாதம் பெரும்பாலும் அங்கேதான் நின்றது. வாதம் சரி. அதற்கு நாடாளுமன்றத்தைக் கருவியாக்கியது தவறு.

சிறு நிறுவனங்களைப் பற்றிய அவருடைய கவலை வீண் அல்ல என்பதற்கு என் அனுபவம் ஒன்று. 2007-இல் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் சென்னை அலுவலகத்தில் சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டத்தின் 404-ஆம் பிரிவின்படி உள்கட்டுப்பாட்டுச் சோதனை செய்துகொண்டிருந்தேன். விலைப்பட்டியல்களில் 25-ஐ மாதிரியாக எடுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு அதிகாரிகளின் ஒப்புதல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றில் இரண்டாவது கையொப்பம் இல்லை. குறித்துவைத்துவிட்டுச் சாப்பிடப் போய்த் திரும்பினால், மூன்றிலும் கையொப்பம் முளைத்திருந்தது. ஒரே பேனா, ஒரே மை, மூன்று வெவ்வேறு பழைய தேதிகள். காலையில் எடுத்த நகல் என்னிடம் இருந்ததால் தப்பித்தேன். அந்த நகல்களைப் பார்த்தபின் அந்த மேலாளர் சொன்ன விளக்கம், இரண்டு பேர் கையெழுத்திட அந்தப் பிரிவில் இரண்டு பேரே இல்லை என்பதுதான். பத்துப் பேர் கொண்ட அலுவலகத்தில் பத்தாயிரம் பேருக்கான விதியைப் பொருத்தினால் ஏமாற்று வேலைதான் மிஞ்சும். 2010-இல் இயற்றப்பட்ட டாட்-ஃபிராங்க் என்னும் நிதித்துறைச் சீர்திருத்தச் சட்டம், சந்தை மதிப்பு 7.5 கோடி டாலருக்குக் குறைவான நிறுவனங்களுக்கு இதில் வெளித் தணிக்கையாளரின் சான்று வேண்டியதில்லை என்று நிரந்தர விலக்கு அளித்தது.

---

நிலக்கரிச் சேகரன்

என்சியின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் மதிக்கத்தக்கதாகத் தோன்றுவது வேறொன்று.

2006 ஜனவரி 2 அன்று மேற்கு வர்ஜினியாவின் சாகோ நிலத்தடிச் சுரங்கத்தில் வெடிப்பு ஏற்பட்டு 13 பேர் உள்ளே சிக்கினார்கள். 12 பேர் உயிருடன் இருக்கிறார்கள் என்ற செய்தி நள்ளிரவில் பரவி, தேவாலயத்தில் கூடியிருந்த குடும்பத்தினர் மணி அடித்துக் கொண்டாடினார்கள். சில மணி நேரத்துக்குப்பின்தான் உண்மை தெரிந்தது: பிழைத்தவர் ஒருவர், இறந்தவர் 12 பேர். அவர்களிடம் இருந்த உயிர்வளிக் கருவிகள் ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கே போதும். அவற்றிலும் சில வேலை செய்யவில்லை என்று பிழைத்தவர் சொன்னார். அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று மேலே இருந்தவர்களுக்கும், எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கீழே இருந்தவர்களுக்கும் தெரிந்துகொள்ள வழியில்லை.

அப்போது தொழிலாளர் துறையைக் கவனிக்கும் செனட் குழுவின் தலைவர் என்சி. எதிர்த்தரப்பில் மூத்தவர் டெட் கென்னடி. கொள்கையில் இருவரும் வடதுருவம், தென்துருவம். இருவரும் சாகோவுக்கு நேரில் போய்க் குடும்பத்தினரைச் சந்தித்தார்கள். ஐந்து மாதங்களில் சட்டம் வந்துவிட்டது; ஜூன் 15 அன்று கையொப்பமானது. சுரங்கத்துக்குள் கூடுதல் உயிர்வளியைச் சேமித்துவைக்க வேண்டும், மூன்று ஆண்டுகளுக்குள் கம்பியில்லாத் தொடர்புக்கும் ஆள் இருக்குமிடம் அறிவதற்கும் ஏற்பாடு வேண்டும், மீட்புக் குழு ஒரு மணி நேரத்தில் வந்துசேரக்கூடிய தொலைவில் இருக்க வேண்டும், அப்பட்டமாக விதி மீறினால் 2,20,000 டாலர் வரை தண்டம் என்று எல்லாமே அளந்து எழுதப்பட்ட கட்டளைகள். சுரங்கப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு தலைமுறைக்கு மேலாக இவ்வளவு பெரிய மாற்றம் நிகழவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது, என்சியின் சொந்த ஊர்ச் சுரங்கங்கள் பெரும்பாலும் திறந்தவெளிக் குழிகள். இந்தச் சட்டத்தால் அவருடைய வாக்காளர்களுக்கு நேரடியாகக் கிடைக்கக்கூடியது மிகக் குறைவு. கரி நிறுவனங்களின் நண்பர் என்று அவரைச் சொல்வது பொய்யன்று. புவி வெப்பமடைதல் தொடர்பான கட்டுப்பாடுகளை அவர் கடைசிவரை எதிர்த்தார். அதே மனிதர் கரிக்குள் இறங்குகிறவனின் மூச்சுக்காற்றைக் கணக்கிட்டு எழுதினார்.

---

பேரேட்டுக்காரன்

கென்னடியோடு அவர் வேலை செய்த முறைக்கு '80 விழுக்காட்டு விதி' என்று அவரே பெயர் வைத்திருந்தார். ஒரு பொருளில் நூற்றுக்கு எண்பது பங்கில் இரு தரப்பும் ஒத்துப்போக முடியும். மீதி இருபதில்தான் சண்டை. அந்த இருபதை அப்படியே விட்டுவிட்டு எண்பதைச் சட்டமாக்கு என்பது அதன் சாரம். பேரேட்டில் இரண்டு பத்திகள் ஒத்துப்போகாதபோது, ஒத்துப்போகும் பதிவுகளை முதலில் குறியிட்டுத் தள்ளிவிட்டு மிச்சத்தைத் தேடும் நம் பழக்கம் நினைவுக்கு வருகிறதா? அவரோ மிச்சத்தைத் தேடவே மாட்டார், அதுதான் வேறுபாடு.

---

சட்டமும் சாட்சியும்

அந்த இருபதில்தான் எல்லாம் இருந்தது என்பதற்கு 2009 சான்று. நலவாழ்வுக் காப்பீட்டுச் சட்டத்துக்காக இரு கட்சியிலும் மும்மூன்று செனட்டர்கள் அமர்ந்து பேசிய 'அறுவர் குழு'வில் என்சியும் ஒருவர். வாரக்கணக்கில் பேச்சு நடந்தது. அந்தக் கோடையில் தம் மாநிலத்தில் பேசும்போது, தாம் அந்தக் குழுவில் இல்லாதிருந்தால் சட்டம் எப்போதோ நிறைவேறியிருக்கும் என்ற பொருள்படச் சொன்னார். பேச்சு முறிந்தது, சட்டத்தை எதிர்த்து வாக்களித்தார். இழுத்தடிப்பதற்காகவே உட்கார்ந்தார் என்று ஜனநாயகக் கட்சியினர் கசந்துகொண்டதில் வியப்பில்லை.

---

வைகைக்கரையான்

கணக்காளர் சட்டமன்றத்துக்குப் போனால் என்ன நடக்கும் என்பதற்கு என்சியை மட்டும் பார்க்க வேண்டியதில்லை. கீழவையில் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த மைக் கானவே என்ற சான்றுபெற்ற கணக்காளர் இருந்தார். குடியரசுக் கட்சியின் கீழவைத் தேர்தல் நிதிக்குழுவில் தணிக்கைப் பொறுப்பை ஏற்றவுடன், வெளித் தணிக்கையாளரை நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்டார். பொருளாளர் கிறிஸ்டோபர் வார்டு ஏதேதோ சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டார். கானவே விடவில்லை. கடைசியில் 2008-இன் தொடக்கத்தில் உண்மை வெளிவந்தது: பல ஆண்டுகளாகத் தணிக்கையே நடக்கவில்லை; வார்டு தாமே தட்டச்சு செய்த போலி அறிக்கைகளைத்தான் குழுவிடமும் வங்கியிடமும் கொடுத்துவந்தார். 8 லட்சம் டாலருக்கு மேல் கையாடல். 2010-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 37 மாதச் சிறைத்தண்டனை பெற்றார்.

அத்தனை ஆண்டுகளும் அந்தக் குழுவில் வழக்கறிஞர்களும் தொழிலதிபர்களும் இருந்தார்கள். தணிக்கையாளரை எனக்கு அறிமுகப்படுத்துங்கள் என்று கேட்க ஒரு கணக்காளர் வரவேண்டியிருந்தது.

இன்னொருவர் நியூயார்க்கின் ஜோசப் டியோகார்டி. ஆர்தர் ஆண்டர்சனின் பங்குதாரராக இருந்துவிட்டு 1985 முதல் 1989 வரை கீழவையில் இருந்தார். அரசுத் துறை ஒவ்வொன்றுக்கும் நிதித் தலைமை அதிகாரி வேண்டும் என்று அவர் முன்வைத்த யோசனை, அவர் தோற்றுப்போனபின் 1990-இல் சட்டமாயிற்று.

---

தணிக்கையாளர் மாலதி

கானவே கதையை இனி என் பயிற்சி மாணவர்களுக்குச் சொல்வேன். அறிக்கையைப் பார்க்காதே, அதை எழுதியவரைப் பார் என்று எத்தனை முறை சொன்னாலும் அவர்களுக்கு ஏறுவதில்லை.

என்சியைப் பற்றி இரண்டு சிறு செய்திகள். 1997-இல் அவைக்குள் மடிக்கணினி கொண்டுவர அனுமதி கேட்டார். எண்களைக் காகிதத்தில் சுமந்து திரிவானேன் என்பது அவர் எண்ணம். அவையின் கண்ணியத்துக்கு ஒவ்வாது என்று விதிகள் குழு மறுத்துவிட்டது. மற்றொன்று, இணைய விற்பனை வரி. கடையில் வந்து காலை அளந்து, நான்கு இணை போட்டுப் பார்த்துவிட்டு, வரி இல்லை என்பதற்காக வெளியூர் விற்பனையாளரிடம் வாங்கும் வாடிக்கையாளரை அவர் நன்கு அறிவார். மாநிலத்துக்கு வெளியிலிருந்து விற்பவரும் வரி வசூலிக்க வழிசெய்யும் மசோதாவை ஜனநாயகக் கட்சியின் டிக் டர்பினோடு சேர்ந்து கொண்டுவந்து, 2013 மே 6 அன்று 69-க்கு 27 என்று செனட்டில் நிறைவேற்றினார். புதிய வரி என்று அவருடைய கட்சியினரே கூச்சலிட்டதால் கீழவை அதைத் தொடவேயில்லை. கடைசியில் 2018-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற தீர்ப்பில் அதே வழியைத் திறந்துவிட்டது.

---

சட்டமும் சாட்சியும்

இனி கடனுக்கு வருவோம். என் முதன்மையான குறையே இதுதான். 1997 ஜனவரியில் என்சி செனட்டுக்குள் நுழைந்தபோது அமெரிக்க அரசின் மொத்தக் கடன் சுமார் 5.3 லட்சம் கோடி டாலர். 2021 ஜனவரியில் வெளியேறியபோது ஏறத்தாழ 27.7 லட்சம் கோடி. இதற்கு அவர் ஒருவர் பொறுப்பல்லர் என்பது தெரியும். ஆனால் 2015 முதல் 2021 வரை வரவுசெலவுக் குழுவின் தலைவர் அவர். 2015 நிதியாண்டில் சுமார் 44,000 கோடி டாலராக இருந்த பற்றாக்குறை, பெருந்தொற்றுக்கு முந்தைய 2019-இலேயே 98,000 கோடியைத் தாண்டிவிட்டது. 2020-இல் 3 லட்சம் கோடியையும் கடந்தது.

ஒவ்வொரு டாலரிலும் ஒரு காசைக் குறைத்தால் சில ஆண்டுகளில் வரவும் செலவும் சமமாகும் என்ற 'ஒரு காசுத் திட்டத்தை' ஊர் ஊராகப் பேசியவர் அவர். அதே அவர்தான் 2017 அக்டோபரில், பத்து ஆண்டுகளில் 1.5 லட்சம் கோடி டாலர் வரை பற்றாக்குறையைக் கூட்டும் வரிக்குறைப்புக்கு வாசல் திறந்த வரவுசெலவுத் தீர்மானத்தை 51-க்கு 49 என்று அவையில் நடத்திக்கொடுத்தார். வரி குறைந்தால் வளர்ச்சி கூடி, விட்ட பணம் திரும்ப வந்துவிடும் என்பது வாதம். வரக்கூடும் என்று நினைக்கும் வருமானத்தை வந்த வருமானமாக எழுதலாமா என்று டன்பார் நிறுவனத்தில் ஒரு எழுத்தர் கேட்டிருந்தால் என்சி என்ன பதில் சொல்லியிருப்பார்?

---

பேரேட்டுக்காரன்

எழுத விடமாட்டார். இதில் உங்களோடு எனக்கு வழக்கில்லை.

நிறுவனக் கணக்காளருக்கும் வரவுசெலவுக் குழுத் தலைவருக்கும் ஒரு வேறுபாட்டை மட்டும் சொல்வேன். அந்தக் குழு நிறைவேற்றும் தீர்மானம் சட்டமே அன்று. குடியரசுத் தலைவரின் கையொப்பத்துக்குப் போவதில்லை. பணத்தை உண்மையில் ஒதுக்குவது வேறொரு குழு. வரியை விதிப்பது மற்றொன்று. காசோலைப் புத்தகம் கையில் இல்லாத பொருளாளர் பதவி அது. என்சிக்கு இது உள்ளூர எரிச்சலூட்டியது.

---

வைகைக்கரையான்

அவர் எப்போது காலமானார்? விபத்து என்று மட்டும் படித்த நினைவு.

---

பேரேட்டுக்காரன்

2014 தேர்தலுக்கு முன் லிஸ் செனி, முன்னாள் துணைக் குடியரசுத் தலைவரின் மகள், அவரை எதிர்த்துக் கட்சிக்குள் களமிறங்கி, சில மாதங்களில் விலகிக்கொண்டார். என்சி எளிதாக வென்றார். 2019 மே மாதம் ஜிலெட்டில் வைத்து, இனிப் போட்டியிடப் போவதில்லை என்று அறிவித்தார். ஓய்வு பெற்று ஏழு மாதங்கூட ஆகவில்லை. 2021 ஜூலை 23 அன்று இரவு தம் வீட்டருகே மிதிவண்டியோடு விழுந்து கிடந்தவரை எடுத்துச் சென்றார்கள். கழுத்தெலும்பும் விலா எலும்புகளும் முறிந்திருந்தன. கொலராடோவின் லவ்லண்ட் மருத்துவமனைக்கு விமானத்தில் கொண்டுசெல்லப்பட்டு, நினைவு திரும்பாமலேயே ஜூலை 26 அன்று இறந்தார். வயது 77. வேறு வாகனம் எதுவும் மோதியதற்கான தடயம் இல்லை.

சட்டமும் சாட்சியும் ஐயா எழுப்பிய குறைக்கு மீண்டும் வருகிறேன். தம் கடைசி ஆண்டுகளில், ஜனநாயகக் கட்சியின் இடதுசாரிப் பக்கம் நிற்கும் ஷெல்டன் ஒயிட்ஹவுஸோடு சேர்ந்து, வரவுசெலவு முறையையே மாற்றும் மசோதா ஒன்றை எழுதினார். ஆண்டுதோறும் நடக்கும் கூத்தை இரண்டாண்டுக்கு ஒருமுறை ஆக்குவது, நாட்டின் உற்பத்தியோடு ஒப்பிட்டுக் கடனுக்கு இலக்கு வைப்பது, கடன் உச்சவரம்பைத் தனிச் சண்டையாக விடாமல் வரவுசெலவுத் தீர்மானத்தோடே இணைப்பது ஆகியவை அதில் இருந்தன. எண்பது விழுக்காட்டு விதியின்படி எழுதப்பட்ட மசோதா. இரு கட்சியினரின் வாக்கோடும் 2019 நவம்பரில் குழுவில் தேறியது. முழு அவையின் வாக்கெடுப்புக்கு அது வரவேயில்லை. அப்போது செனட்டில் பெரும்பான்மை அவருடைய கட்சியிடம்தான் இருந்தது.